கூடாரத்தைத் தேடி வந்த தபால்

கடல் கடந்த கடிதங்கள் – 9

கடந்த வாரம் தாமஸ் கஜெட்டன் ராக்லாந்தைச் சென்னையில், கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம்.

1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, உறவினர் நிழலில் வளர்ந்தவர். 1841இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காவதாக வந்தார். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி அவரை ஃபெல்லோவாக எடுத்துக்கொண்டது. ஆயுசு முழுக்க அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். முப்பது வயதில் அந்தச் சுகத்தை உதறிவிட்டு, சி.எம்.எஸ். என்று நம் பக்கத்தில் சொல்லும் சர்ச் மிஷனெரி சங்கத்தின் சென்னைச் செயலாளராகக் கப்பல் ஏறினார். கணிதத்தில் நான்காவது வந்த மூளை, பாளையங்கோட்டைக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் அனுப்ப வேண்டிய ரூபாய், அணா, பைசாவைக் கூட்டிக்கொண்டிருந்தது.

அதுவும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் கூடாரம் அடித்துத் தங்கும்படி அவருக்கு என்ன வந்தது?

வீடு வேண்டாம்

செயலாளர் என்ற முறையில் அவர் திருநெல்வேலிச் சீமையைச் சுற்றிப் பார்க்க வந்தார். தெற்கே தேரி மணலும் பனங்காடும். ஊருக்கு ஊர் ஜெபவீடு, பள்ளிக்கூடம். முக்கியமான இடங்களில் ஒரு பங்களா, அதில் ஒரு வெள்ளைக்கார ஐயர். (மிஷனெரியை ‘ஐயர்’ என்று அழைப்பது நெல்லைக் கிறிஸ்தவர்களின் வழக்கம். ரேனியஸ் ஐயர், சார்ஜென்ட் ஐயர் என்றுதான் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.)

அந்த ஐயருக்குப் பிரசங்கம் மட்டும் வேலையில்லை. வரப்புத் தகராறு அவரிடம் வரும். கிணற்றுத் தகராறு வரும். மாமியார் மருமகள் சண்டை வரும். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகினால் அதுவும் அவர் தலையில்தான். சபை பெருகப் பெருக ஐயரின் கால் கட்டுப்பட்டுப்போனது. பங்களாவைத் தாண்டி நடக்க அவருக்கு நேரம் இல்லை.

வடக்கே நிலைமை வேறு. சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் வட்டாரங்களில் ஆயிரத்துக்கு மேல் ஊர்கள். அங்கே சபை என்று சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக எதுவும் இல்லை. மிஷன் அதுவரை, கூப்பிட்டவர்கள் இருந்த ஊருக்குப் போய்த் தங்கியது. கூப்பிடாத ஊருக்குப் போகக் கால் மிச்சம் இல்லை.

ராக்லாந்து போட்ட கணக்கு எளிது. வீடு கட்டினால் வீடு ஆளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வீடு வேண்டாம். ஒரு கூடாரம், சில நாள் ஓர் ஊர், பிறகு பிடுங்கி அடுத்த ஊர். இப்படியே வடக்குச் சீமை முழுவதும் சுற்றுவது.

சொல்வதற்குச் சுலபமான இந்தக் கணக்குக்குப் பின்னால் லண்டனில் ஒருவர் இருந்தார். சங்கத்தின் கௌரவச் செயலாளர் ஹென்றி வென். வெளிநாட்டு மிஷன் என்பது கட்டட வேலைக்குக் கட்டும் சாரம் போன்றது, உள்ளூர் சபை எழுந்து நின்றதும் அதைப் பிரித்துவிட வேண்டும் என்று அந்த ஆண்டுகளில் அவர் வாதாடிக்கொண்டிருந்தார். சாரத்தையே வீடாக்கிக் குடியேறிவிட்ட தெற்கைப் பார்த்துவிட்டு வந்த ராக்லாந்துக்கு அது புரிந்தது.

இடையில் உடம்பு படுத்தியது. மார்பு பலவீனம். ஒரு முறை இங்கிலாந்துக்குத் திரும்பவும் நேர்ந்தது.

இங்கே கொஞ்சம் நிற்போம். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எல்லாருக்கும் இப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பியாகிவிட்டது. மருத்துவக் காரணம் கையில் இருக்கிறது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கல்லூரியில் பதவி இருக்கிறது. கல்யாணம் செய்யாதவரைக்கும் அது போகாது. அன்றைய கேம்பிரிட்ஜில் ஃபெல்லோக்கள் திருமணம் செய்துகொண்டால் பதவி பறிபோகும் என்பது விதி. அவருக்கோ மனைவி மக்கள் இல்லை. சென்னை மேசைக்கே திரும்பினாலும் போதும். அதுவே தியாகம் என்று பாராட்டியிருப்பார்கள்.

மேசைக்குத் திரும்பவில்லை. 1854இல் கூடாரத்துக்குப் போனார்.

மலைக்கு இந்தப் பக்கம்

கூட வந்த இரண்டு இளைஞர்களும் கேம்பிரிட்ஜ் படிப்பாளிகள்தான். ராபர்ட் மெடோஸ் ஒருவர். டேவிட் ஃபென் இன்னொருவர்.

ஃபென்னின் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. ராஜபாளையத்தில் காலையில் எழுந்து மேற்கே திரும்பினால், மலை மறித்துக்கொண்டு நிற்கும். மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர். அங்கே கோட்டயத்தில் ஒரு தலைமுறைக்கு முன்னால் ஊழியம் செய்தவர்களில் ஒருவர் ஜோசஃப் ஃபென், டேவிட்டின் அப்பா. பெஞ்சமின் பெய்லி, ஹென்றி பேக்கர், ஜோசஃப் ஃபென் என்ற மூவர் பெயரைக் கேரளத்துக் கிறிஸ்தவர்கள் சேர்த்தே சொல்வார்கள். டேவிட்டின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான கிறிஸ்டோஃபர், இலங்கையில் மிஷனெரியாக இருந்தார்.

அப்பா ஒரு காலத்தில் மலைக்கு மேற்கே. சகோதரன் கடலுக்குத் தெற்கே. மகன் நடுவே கரிசலில்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு எழுதும் கடிதம் ஒரு மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் நனைந்த துணி காயாமல் நாறுவதும், கறையான் ஒரே ராத்திரியில் புத்தகத்தைத் தின்றுவிடுவதும், அரிசிச் சோற்றுக்கு வயிறு பழகும் விதமும் ஜோசஃப் ஃபென்னுக்குச் சொல்லி விளங்க வைக்க வேண்டியதில்லை. பெற்றோர் இல்லாத ராக்லாந்து தன்னை வளர்த்த உறவினருக்கு எழுதும்போது எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். கரிசல் மண் என்றால் என்ன, அது ஏன் மழை பெய்ததும் செருப்பைப் பிடித்து இழுக்கிறது, வெயிலில் ஏன் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது என்பதிலிருந்து.

அன்றைய ஊர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் தீப்பெட்டி இல்லை. அதற்கு இன்னும் எழுபது ஆண்டு ஆக வேண்டும். ராஜபாளையத்தில் நூற்பாலை இல்லை, பருத்திக்காடு உண்டு. ரயில் இல்லை. விருதுநகர்–தென்காசிப் பாதை வந்ததே 1927இல்தான். சிவகாசிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சொந்த மாவட்டப் பெயரும் கிடையாது, எல்லாம் திருநெல்வேலிதான். 1910இல் ராமநாதபுரம் ஜில்லாவைப் பிரித்தபோதுதான் அவை கை மாறின.

கூடாரத்தில் இருப்பவருக்குத் தூரத்து அடையாளம் ஒன்றே ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம். பதினொரு நிலை. அந்தச் சமவெளியில் எந்த மேட்டில் நின்றாலும் கண்ணில் படுவது அதுதான். ஆண்டாள் பிறந்த ஊரில், பெரியாழ்வார் பாடிய ஊரில், புது சாமியைப் பற்றிப் பேச வந்திருக்கும் ஒருவருக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. வழிகாட்டியாகவும் தெரிந்திருக்கும், சவாலாகவும் தெரிந்திருக்கும்.

இன்னொரு சிக்கல் மொழி. அரும்பாடுபட்டுத் தமிழ் படித்துவிட்டு வந்தால், ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு. சுற்றியுள்ள நாயக்கர், ரெட்டியார் ஊர்களில் பல வீட்டுக்குள்ளும் தெலுங்கு. தெருவில் தமிழ், அடுப்படியில் தெலுங்கு என்பது நம்மூர்க்காரர்களுக்குப் பழக்கம். அகராதியோடு வந்தவருக்கு அல்ல.

‘ஐயா, உங்களுக்கு எந்த ஊரு? கல்யாணம் ஆச்சா? பிள்ளைக எத்தனை?’ கிணற்றடியில் நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்விகள் இவைதான், அன்றும் இன்றும். நாற்பதை நெருங்கும் ஆள் ‘இல்லை’ என்று சொன்னால் அடுத்த கேள்வி, ‘ஏன், அம்மா அப்பா பார்த்து வைக்கலையா?’ அம்மா அப்பா இல்லாதவரிடம்.

ஒரு கடிதம் எத்தனை கை மாறும்

கூடாரத்துக்கு விலாசம் கிடையாது. வீட்டை வேண்டாம் என்று சொன்னபோது ராக்லாந்து விலாசத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இங்கிலாந்திலிருந்து வரும் கடிதத்தைக் கொஞ்சம் பின்தொடர்வோம்.

சவுதாம்ப்டனில் பி. அண்டு ஓ. கம்பெனியின் நீராவிக் கப்பல். முதல் நிறுத்தம் ஜிப்ரால்டர். ராக்லாந்தின் பெயர் எழுதிய ஒவ்வொரு உறையும், அந்தக் கப்பலில் வந்தால், அவர் பிறந்த துறைமுகத்தைத் தொட்டுவிட்டுத்தான் வரும். பிறகு மால்டா, அலெக்சாண்ட்ரியா. சூயஸ் கால்வாய் இன்னும் வெட்டப்படவில்லை, அது 1869இல். ஆகவே கடிதம் கரையிறங்கி கெய்ரோவுக்குப் போகும். அங்கிருந்து பாலைவனத்தில் ஒட்டகத்தின் முதுகு. கூடாரம் அடித்த அந்த ஆண்டுகளில்தான் எகிப்தில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கெய்ரோவிலிருந்து சூயஸ் வரையான பாதை 1858இல் முடிந்தது. சூயஸில் மறுபடி கப்பல். ஏடன். காலி. சென்னை.

அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும். தபால் பையை மசூலா படகில் போட்டு, அலையோடு மல்லுக்கட்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள்.

அவசரக்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. உறையின் மேல் ‘மார்செய் வழி’ என்று எழுதினால் பிரான்ஸைத் தரைவழியாகக் கடந்து சில நாள் முன்னதாக வரும். காசு கூடுதல். பாசத்துக்கு விலை போட்ட முதல் விரைவுத் தபால் என்று இதைச் சொல்லலாம்.

சென்னையிலிருந்து தெற்கே 340 மைல் போல. இனி ஆள் கால்தான். சலங்கை கட்டிய கோலோடு தபால்காரர் ஓடுவார். சில மைலுக்கு ஒருவர், கை மாற்றிக் கை மாற்றி, இரவும் பகலும். ஒரு நாளைக்கு 70, 80 மைல் என்று வைத்தாலும் நாலைந்து நாள். ஆக, லண்டனில் போட்ட கடிதம் இந்தக் கரிசலுக்கு வர ஆறேழு வாரம்.

அது வந்து சேரும் நாளில் கூடாரம் எங்கே இருக்கும்? சிவகாசிக்குக் கிழக்கேயா, வத்திராயிருப்புப் பக்கமா, சேத்தூர்ச் சாலையிலா? கடைசிப் பத்து மைலுக்குக் கடிதம் ஆளைத் தேடியாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1854 அக்டோபர் 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே தபால் கட்டணம். அதற்கு முன் தூரத்தைப் பொறுத்துக் காசு. இப்போது கால் தோலா எடைக்கு அரை அணா, விக்டோரியா ராணி தலை போட்ட தபால்தலை ஒட்டினால் போதும். ராக்லாந்து கூடாரம் அடித்த அதே ஆண்டு. கடல் தாண்டும் கடிதத்துக்கு இது உதவாது. உள்நாட்டில் யாருக்கு உதவியிருக்கும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது கணக்கைக் கூட்டுங்கள். ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று ஜனவரி முதல் வாரத்தில் ஒருவர் எழுதினால், ‘தேவலை’ என்ற பதில் அவர் கைக்குக் கிடைப்பது ஏப்ரலில். ‘தேவலை’ என்று எழுதிய கை அதற்குள் மறுபடி காய்ச்சலில் கிடக்கலாம். ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு வீடியோ காலில் ‘சாப்டியாம்மா?’ என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் விளங்காது.

எழுத வேண்டிய கடிதமும் ஒன்றல்ல. லண்டனில் சாலிஸ்பரி சதுக்கத்திலிருந்த தலைமை அலுவலகத்துக்குத் தினக்குறிப்பும் ஆண்டறிக்கையும் போக வேண்டும். எத்தனை ஊர், என்ன பேசினோம், என்ன கேட்டார்கள். அவற்றில் நல்லதாகப் பொறுக்கி எடுத்து அச்சிடுவார்கள், அங்கே சபைகளில் படிப்பார்கள், காணிக்கை விழும். அந்தக் காகிதங்கள் இன்றும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. உறவுக்கு எழுதுவது இன்னொன்று. அலுவலகக் கடிதத்தில் ‘கேட்டவர்கள் கவனமாகக் கேட்டார்கள்’ என்று வரும். சோர்வும் இருமலும் மற்றதில் வரும். நம் பையன்கள் துபாயிலிருந்து முதலாளியைப் பற்றி அம்மாவிடம் ஒன்றும் நண்பனிடம் ஒன்றும் சொல்வதில்லையா?

பற்றி எரியாத தெற்கு

1857 மே 10, மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தார்கள். செய்தி லண்டனை எட்டியது ஜூன் கடைசியில். பத்திரிகை முழுக்க டெல்லி, கான்பூர், லக்னோ. ஆங்கிலேயர் வீடுகளில் இந்தியா என்ற சொல்லுக்கே அன்று ரத்த வாடை.

மீரட்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் 2,000 கிலோமீட்டருக்கு மேல். தெற்கு பெரும்பாலும் அமைதியாக இருந்தது. கூடாரத்தை அடித்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அது நமக்குத் தெரியும். அங்கே தேநீர்க் கோப்பையோடு பத்திரிகை படிக்கும் அத்தைக்கும் மாமாவுக்கும் எப்படித் தெரியும்? அவர்களுக்கு இந்தியா ஒரே ஊர்.

அந்த ஆண்டின் உண்மையான கொடுமை என்று நான் நினைப்பது இதைத்தான். ஜூன் கடைசியில் பயந்துபோய் ஒரு கடிதம் எழுதுகிறார்கள். அது ஆகஸ்டில் இங்கே வருகிறது. ‘இங்கே ஒன்றுமில்லை, பருத்தி வெடித்திருக்கிறது, மழை இல்லை’ என்று பதில் கிளம்புகிறது. அது செப்டம்பர் கடைசியில் அங்கே போய்ச் சேர்கிறது. மூன்று மாதம். அதற்குள் டெல்லியே கம்பெனியின் கைக்குத் திரும்பிவிட்டது. ஒரு பேரரசே ஆட்டம் கண்டு நிலைத்துவிடுகிறது. ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறானா என்ற கேள்விக்குப் பதில் இன்னும் வழியில்.

பெயர் எழுதப்படாதவர்கள்

இனி, இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்தும் பகுதி.

மூன்று வெள்ளைக்காரர்களால் ஆயிரம் ஊரைச் சுற்ற முடியாது. பேச்சும் பாதியில் நிற்கும். அதனால் தெற்கிலிருந்து, சபைகளில் வேதம் கற்பிக்கும் உள்ளூர் ஊழியர்களான உபதேசியார்கள் வந்தார்கள். அது ராக்லாந்து திட்டத்தின் மிக முக்கியமான அம்சம். என் கணிப்பில், கூடாரத்தை விட முக்கியமானது. தெற்கத்திச் சபைகள் முறைவைத்துத் தங்கள் உபதேசியார்களை ஒரு மாதம்போல வடக்கே அனுப்பும். செலவு அந்தந்தச் சபையுடையது. மாதம் முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார். பனையேறி வயிறு கழுவிய குடும்பங்களின் காலணா, அரையணாக் காணிக்கையில், தாங்கள் பார்த்திராத சாத்தூருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தங்கள் ஆளை அனுப்பினார்கள்.

யோசித்துப் பாருங்கள். தேரி மணலில் பிறந்தவர். வீட்டில் மனைவி, பிள்ளைகள், வயதான தாய். கட்டுச்சோற்று மூட்டையோடு நடந்து, வண்டி கிடைத்தால் ஏறி, கரிசல் காட்டுக்கு வந்து சேர்கிறார். இங்கே தண்ணீர் வேறு, பேச்சு வேறு, சாதிக் கணக்கு வேறு. வெள்ளைக்காரருக்குத் திண்ணையில் இடம் கிடைக்கும், உபதேசியாரை ‘நீ எந்த ஆளு?’ என்று கேட்டுவிட்டுத்தான் நிழலில் உட்கார வைப்பார்கள், அல்லது வைக்க மாட்டார்கள். தெற்கத்திச் சபைகளில் பெரும்பகுதி நாடார் மக்கள். அன்றைய ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களில் அவர்கள் எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி.

அவர் வீட்டை விட்டு வந்த தூரம் மைல் கணக்கில் குறைவுதான். ராத்திரி படுக்கும்போது அது குறைவாகத் தெரிந்திருக்குமா?

அந்த அரை அணாத் தபால் இவர்களுக்குத்தான் உதவியிருக்க வேண்டும். உபதேசியார் எழுதப் படிக்கத் தெரிந்தவர். மிஷன் பள்ளிக்கூடங்கள் பெண்களுக்கும் எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பகுதி அது. ஒரு துண்டுக் காகிதம் கரிசலிலிருந்து தேரிக்காட்டுக்குப் போயிருக்கலாம்: ‘சுகமாயிருக்கிறேன். பசுமாடு ஈன்றுவிட்டதா?’

ராக்லாந்தின் கடிதங்களை அவர் உறவினர் பெட்டியில் வைத்தார்கள். அவர் இறந்து மூன்றே ஆண்டில், 1861இல், கார்ப்பஸ் கல்லூரியைச் சேர்ந்த டி. டி. பெரோன் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டுவிட்டார். உபதேசியாரின் துண்டுக் காகிதம் அடுப்பெரிக்கப் போயிருக்கும். ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கத்தில் எது வரலாறாகிறது என்பதைப் பெட்டி வைத்திருந்தவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், உபதேசியாராக இருந்த கொள்ளுத்தாத்தாவின் நோட்டோ கடிதமோ கிடந்தால், பழைய பேப்பர்க்காரருக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை பிரித்துப் படியுங்கள்.

மேற்கு வானத்தில் ஒரு வால்

1858. அந்த ஆண்டு ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட கம்பி வழியாக விக்டோரியா ராணியும் அமெரிக்க ஜனாதிபதியும் தந்தியில் பேசிக்கொண்டார்கள். உலகமே கொண்டாடியது. சில வாரங்களில் கம்பி செத்துப்போனது. இந்தியாவுக்குள் தந்தி ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தோடு இணைய 1865 ஆயிற்று. கடலைத் தாண்ட இன்னும் காகிதம்தான்.

அக்டோபர் பிறந்தது. மேகம் விலகிய மாலைகளில், சிவகாசியிலிருந்து பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு மேலே, மேற்கு வானத்தில் ஒரு வால்நட்சத்திரம். டோனாட்டி என்ற இத்தாலியர் ஜூனில் கண்டுபிடித்தது. அந்த மாதம் முதல் இரண்டு வாரம் வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று, வளைந்த வாலோடு நின்றது. கேம்பிரிட்ஜிலும் அதே வால்நட்சத்திரத்தைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஊருக்கும் ஆறேழு வாரத் தூரம். அது மட்டும் தபாலுக்குக் காத்திருக்காமல் இரு பக்கமும் ஒரே வாரத்தில் தெரிந்தது.

வால்நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்பது நம் ஊர் நம்பிக்கை. அந்த நவம்பர் 1ஆம் தேதி கம்பெனி ஆட்சி முடிந்து, ராணியின் பிரகடனம் ஊர் ஊராகப் படிக்கப்பட்டது. வால்நட்சத்திரத்தை நம்பியவர்கள் தலையாட்டியிருப்பார்கள்.

அதைக் கேட்க ராக்லாந்து இல்லை.

அக்டோபர் 22, வெள்ளிக்கிழமை. சிவகாசி. ஐப்பசி தொடங்கியிருந்தது. பல ஆண்டுகளாக எச்சரித்துக்கொண்டிருந்த மார்பில் ரத்தக் குழாய் வெடித்தது. நீண்ட நோயில்லை, படுக்கையில்லை, கடைசியாக யாருக்கும் ஒரு வரி எழுத நேரமில்லை. வயது 43. கூடாரம் அடித்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அது இத்தனை சீக்கிரம் என்று தோழர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கையில் பார்த்தால் தோல்வி என்றே சொல்லலாம். நூற்றுக்கணக்கான ஊர்களில் பேசியாயிற்று. தெற்கைப்போலச் சபை ஒன்றும் பொங்கி எழவில்லை. அறுபது ஆண்டு கழித்து, டோனாவூரில் உட்கார்ந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் ராக்லாந்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், 1922இல் வந்தது. அவரும் ஊர் திரும்பாதவர். 1895இல் வந்து 1951இல் இங்கேயே இறந்தவர். ஏமியின் அம்மா கடல் தாண்டி டோனாவூருக்கே வந்து மகளோடு தங்கிய கதையைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

வந்துகொண்டே இருந்த கடிதங்கள்

கடைசியாக ஒரு கணக்கு. ராக்லாந்துக்குப் பிடித்தது அல்லவா?

மரணச் செய்தி அக்டோபர் கடைசியில் சென்னையிலிருந்து கப்பல் ஏறினால், இங்கிலாந்தில் அது தெரிய டிசம்பர் ஆகிவிடும். அதுவரை அங்கே அவர் உயிரோடு இருக்கிறார். வால்நட்சத்திரத்தைப் பார்த்தாயா என்று எழுதுவார்கள். மழை வந்ததா, இருமல் நின்றதா என்று கேட்பார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதத் தொடங்கியிருப்பார்கள்.

அந்தக் கடிதங்கள் எல்லாம் சவுதாம்ப்டனில் கப்பல் ஏறி, ஜிப்ரால்டரைத் தொட்டு, பாலைவனம் தாண்டி, மசூலா படகில் நனைந்து, சலங்கைக் கோலோடு ஓடி வரும். நவம்பரில் வரும். டிசம்பரில் வரும். 1859 ஜனவரியிலும் வரும். மூன்று மாதம், இல்லாத ஒருவருக்கு.

சிவகாசியில் அந்தப் பையை வாங்கியவர்கள் அவற்றை என்ன செய்தார்கள்? பிரித்துப் படித்தார்களா, பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்களா? ஒவ்வொரு உறையையும் கையில் வாங்கும்போது, இதே விதி தனக்கும் வரலாம் என்று தெரிந்தும், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் தன் அப்பா வாழ்ந்ததை அறிந்த டேவிட் ஃபென், கூடாரத்தைச் சுருட்டினாரா, அடுத்த ஊருக்குத் தூக்கினாரா?

(தொடரும்)